பாயின்ட்ஸ் மெம்பர்ஷிப்பை ‘அப்கிரேட்’ பண்ணலாமா? கையெழுத்துக்கு முன் போட வேண்டிய கணக்கு!

“உங்க பாயின்ட்ஸ் பத்தல சார். இன்னும் 3 லட்சம் போட்டா அடுத்த லெவல். இந்த ஆஃபர் இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும்தான்!”

ஹாலிடே கிளப் மெம்பர்ஷிப் வைத்திருப்பவர்களுக்கு இந்த வசனம் புதிதாக இருக்காது. சில நேரம் போனில் வரும். பல நேரம், நீங்கள் குடும்பத்தோடு ரிசார்ட்டில் தங்கியிருக்கும்போதே, “ஒரு அரை மணி நேரம் பேசலாமா?” என்று காபியுடன் வரும். குழந்தைகள் நீச்சல் குளத்தில் குஷியாக இருக்க, உங்கள் மனசும் லேசாக இருக்கும் நேரம் பார்த்து பேச்சு ஆரம்பிக்கும்.

புதுக்கோட்டை, அறந்தாங்கி, ஆலங்குடி, பொன்னமராவதி பக்கம் இருந்து வேலைக்காக சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர், வளைகுடா என்று போன பலருக்கும் ‘வருஷத்துக்கு ஒரு தடவையாவது அப்பா, அம்மா, பிள்ளைகளோடு எங்காவது போகணும்’ என்ற ஆசை உண்டு. இந்த மெம்பர்ஷிப்புகள் விற்பது அந்த ஆசையை வைத்துத்தான். ஆசையில் தப்பே இல்லை. ஆனால், ஏற்கெனவே லட்சங்கள் கட்டியவர் மறுபடி லட்சங்கள் கட்டலாமா என்பது தனிக் கேள்வி. அதற்கு விடை, ஒரு பேப்பரும் செல்போன் கால்குலேட்டரும் இருந்தால் கிடைத்துவிடும்.

டைம்ஷேர், பாயின்ட்ஸ்... என்ன வித்தியாசம்?

ஒரு விடுமுறை இல்லத்தை முழுசாக வாங்காமல், வருடத்தில் சில நாள்கள் மட்டும் தங்கும் உரிமையை வாங்குவதுதான் டைம்ஷேர். 1960-களில் ஐரோப்பாவில் தொடங்கிய பழக்கம் இது. தமிழ்நாட்டுக்கு இதை அறிமுகப்படுத்தியதில் முக்கியமான பெயர், 1986-ல் சென்னையில் தொடங்கப்பட்ட ஸ்டெர்லிங் ஹாலிடேஸ். அடுத்து 1996-ல் மஹிந்திரா குழுமத்தின் கிளப் மஹிந்திரா வந்தது. அதன் முதல் ரிசார்ட் மூணாறில்.

கிளப் மஹிந்திராவின் பிரபலமான திட்டம் 25 ஆண்டுகளுக்கானது. வருடத்துக்கு 7 நாள்கள். அதில் பர்ப்பிள், ரெட், ஒயிட், ப்ளூ என நான்கு சீசன்கள். எல்லோரும் போக நினைக்கும் உச்ச சீசனுக்கு பர்ப்பிள், கூட்டமில்லாத காலத்துக்கு ப்ளூ. அறையும் ஸ்டூடியோ, ஒரு பெட்ரூம், இரண்டு பெட்ரூம் என அளவுக்கேற்ப மாறும். இங்கே அப்கிரேட் என்றால் சீசனையோ அறையின் அளவையோ உயர்த்துவது.

பாயின்ட்ஸ் முறையில் ‘7 நாள்’ என்ற கணக்கு இருக்காது. வருடத்துக்கு இத்தனை பாயின்ட்ஸ் என்று உங்கள் கணக்கில் வரும். எந்த ஊர், எந்த மாதம், வார நாளா வார இறுதியா, எவ்வளவு பெரிய அறை என்பதைப் பொறுத்து ஒவ்வோர் இரவுக்கும் பாயின்ட்ஸ் கழியும். அமெரிக்காவில் டிஸ்னி நிறுவனம் 1991-லேயே இப்படித் தொடங்கிவிட்டது. கிளப் மஹிந்திராவும் 50 வயதைக் கடந்தவர்களுக்காக ‘ப்ளிஸ்’ என்ற 10 ஆண்டு பாயின்ட்ஸ் திட்டத்தைக் கொண்டுவந்தது. பாயின்ட்ஸில் அப்கிரேட் என்றால், கூடுதல் பணம் கட்டி வருடாந்திர பாயின்ட்ஸை ஏற்றிக்கொள்வது.

சரி, அப்கிரேட் பண்ணினால் நிஜமாக என்ன கிடைக்கும்?

விற்பவர் சொல்வதை எல்லாம் சுருக்கினால் மூன்றே விஷயங்கள்தான் மிஞ்சும்.

• ஒவ்வொரு வருடமும் கூடுதல் இரவுகள், அல்லது பெரிய அறை.
• பெரிய லெவலுக்கு வந்தால் மற்றவர்களுக்கு முன்பே புக் செய்யும் வசதி. இது எல்லா கிளப்பிலும் இருக்காது.
• தள்ளுபடி கூப்பன், இலவச டின்னர் போன்ற சில்லறைச் சலுகைகள்.

இதில் முதல் இரண்டுக்குத்தான் மதிப்பு. மூன்றாவதை கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

பதிலுக்கு உங்கள் பக்கமிருந்து போவது இரண்டு தொகைகள். ஒன்று, இப்போது கட்டும் அப்கிரேட் கட்டணம். இன்னொன்று, ஆண்டு சந்தாவில் ஏறும் தொகை. பேச்சில் முதலாவது மட்டும்தான் பெரிதாக வரும். இரண்டாவது மெம்பர்ஷிப் முடியும்வரை கூடவே வரும். ஒரு வருடம் எங்கும் போகாவிட்டாலும் கட்ட வேண்டும். பெரும்பாலான ஒப்பந்தங்களில், அதை வருடா வருடம் உயர்த்தும் உரிமையும் நிறுவனத்திடம்தான் இருக்கும்.

கணக்கு போட்டுப் பார்ப்போமா?

ஒரு உதாரணம். எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும் எண்களைப் போட்டு இதே மாதிரி செய்து பாருங்கள்.

மெம்பர்ஷிப்பில் இன்னும் 15 வருடங்கள் பாக்கி. 3 லட்சம் ரூபாய் கட்டினால் வருடத்துக்கு 200 பாயின்ட்ஸ் கூடுதல். 18% ஜிஎஸ்டி சேர்த்தால் 3,54,000 ரூபாய். ஆண்டு சந்தா 8,000 ரூபாய் ஏறுகிறது. ஜிஎஸ்டியோடு 9,440 ரூபாய். மே மாதத்தில் ஓர் இரவுக்கு 50 பாயின்ட்ஸ், ஆஃப் சீசனில் 25 பாயின்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் படி: 3,54,000-ஐ 15 ஆல் வகுத்தால் வருடத்துக்கு 23,600. அதோடு சந்தா 9,440. மொத்தம் 33,040 ரூபாய்.

இரண்டாம் படி: மே மாதத்தில் மட்டும்தான் போவீர்கள் என்றால் 200 பாயின்ட்ஸுக்கு 4 இரவுகள். ஓர் இரவுக்கு 8,260 ரூபாய் ஆகிறது. ஆஃப் சீசன் என்றால் 8 இரவுகள். ஓர் இரவுக்கு 4,130 ரூபாய். மே மாதத்தில் 2 இரவுகள்தான் கிடைத்தது, மீதி பாயின்ட்ஸ் காலாவதி ஆகிவிட்டது என்றால், ஓர் இரவு 16,520 ரூபாய்!

மூன்றாம் படி: இங்கேதான் பலரும் கோட்டை விடுவார்கள். அந்த 3,54,000 ரூபாய் வங்கியில் இருந்தால் வட்டி வரும். அதே சமயம் ஹோட்டல் வாடகையும் வருடா வருடம் ஏறும். “இன்னைக்கு விலையில 15 வருஷ விடுமுறையை லாக் பண்றீங்க” என்று விற்பவர் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். டெபாசிட்டுக்கு 7% வட்டி, வாடகையும் சந்தாவும் வருடம் 5% ஏறும் என்று வைத்துக் கணக்கிட்டால், மே மாத 4 இரவுகளுக்கு இன்றைய விலையில் ஓர் இரவு சுமார் 9,500 ரூபாய் ஆகிறது.

இந்த 9,500 தான் உங்கள் கோடு. இப்போது ஹோட்டல் புக்கிங் ஆப்பைத் திறந்து, நீங்கள் போக நினைக்கும் ஊரில், அதே தரத்தில் உள்ள அறைக்கு மே மாத வாடகையைப் பாருங்கள். வரியோடு 7,000 ரூபாய் என்றால் அப்கிரேட் நஷ்டம். 12,000 ரூபாய் என்றால் லாபம், ஆனால் அந்த 4 இரவுகளையும் ஏறக்குறைய எல்லா வருடமும் பயன்படுத்தினால் மட்டும். ஐந்தில் ஒரு வருடம் தவறினால்கூட உங்கள் கோடு 12,000 ரூபாய்க்குப் பக்கத்தில் போய்விடும். லாபம் காணாமல் போகும்.

வரியிலும் ஒரு விஷயம் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் இரவு வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள ஹோட்டல் அறைகளுக்கு ஜிஎஸ்டி 5% தான். மெம்பர்ஷிப் கட்டணத்துக்கும் ஆண்டு சந்தாவுக்கும் 18%. நடுத்தர விலை அறைகளில் தங்குபவருக்கு, நேரடியாக ரூம் போடுவது இப்போது முன்பைவிட மலிவு.

“ஏற்கெனவே இவ்வளவு கட்டிட்டோமே...”

அப்கிரேட் பேச்சில் அதிகம் வேலை செய்யும் மந்திரம் இதுதான். “ஏற்கெனவே நாலு லட்சம் போட்டுட்டீங்க. இன்னும் கொஞ்சம் போட்டாத்தான் அதோட முழுப் பலன் கிடைக்கும்.”

அந்த நாலு லட்சம், அப்கிரேட் பண்ணினாலும் திரும்பாது, பண்ணாவிட்டாலும் திரும்பாது. அதனால் இன்றைய முடிவில் அதற்கு இடமே இல்லை. தண்ணி வராத போர்வெல்லில் இன்னும் நூறு அடி இறக்கலாமா என்று யோசிக்கும்போது, இதுவரை இறக்கிய ஆழத்தின் செலவை வைத்து யாரும் முடிவெடுக்க மாட்டார்கள். அடுத்த நூறு அடியில் தண்ணி இருக்க வாய்ப்பு இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். இங்கேயும் அதே கேள்விதான்: இப்போது கட்டும் பணத்துக்கு இனிமேல் எத்தனை இரவு?

பாயின்ட்ஸ் இருந்தால் ரூம் கிடைத்துவிடுமா?

கிடைக்காமலும் போகலாம். பாயின்ட்ஸ் என்பது புக் செய்யக் கேட்கும் உரிமை. அறைகளின் எண்ணிக்கை அதனால் கூடாது.

நம் ஊர்க் குடும்பங்களுக்கு விடுமுறை என்றால் ஏப்ரல் கடைசி முதல் ஜூன் தொடக்கம் வரை, காலாண்டு லீவு, அரையாண்டு லீவு, பொங்கல். தமிழ்நாடு முழுக்க எல்லோருக்கும் அதே தேதிகள்தான். எல்லோரும் கேட்பதும் கொடைக்கானல், ஊட்டி, மூணாறுதான். ஒரே வாரத்துக்கு ஒரே ஊரில் எல்லா மெம்பரும் போட்டி போட்டால், கூடுதல் பாயின்ட்ஸ் வைத்திருப்பதால் மட்டும் கதவு திறந்துவிடாது.

இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டி, கொடைக்கானலுக்கு வாகனத்தில் போக இ-பாஸ் கட்டாயம் ஆனது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான சீசனில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது: ஊட்டிக்கு வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. ரூம் உறுதியானாலும் வண்டிக்கு பாஸ் எடுக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

இதற்கு ஓர் எளிய டெஸ்ட் உண்டு. அப்கிரேட் மீட்டிங்குக்குப் போவதற்கு முன், உங்கள் மெம்பர்ஷிப் ஆப்பில் நுழைந்து, அடுத்த மே மாதம் நீங்கள் போக விரும்பும் மூன்று ஊர்களுக்கு, மூன்று வெவ்வேறு தேதிகளில் ரூம் தேடுங்கள். ஒன்பது தேடலில் எத்தனை கிடைத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பாயின்ட்ஸ் பத்தாமல் ரூம் போனதா, ரூமே இல்லாமல் போனதா என்று பிரித்துப் பாருங்கள். முதலாவதுதான் உங்கள் பிரச்னை என்றால் அப்கிரேட் உதவும். இரண்டாவது என்றால், முன்கூட்டியே புக் செய்யும் வசதியும் சேர்ந்து வந்தால் ஒழிய, உதவாது.

யாருக்கு இது சரிவரும்?

கீழே உள்ள நான்கில் குறைந்தது மூன்றுக்கு ‘ஆமாம்’ என்றால் யோசிக்கலாம்:

• கடந்த மூன்று வருடங்களிலும் உங்கள் பாயின்ட்ஸ் முழுசாகத் தீர்ந்து, இன்னும் தேவைப்பட்டது.
• ஸ்கூல் லீவுக்குக் கட்டுப்படாமல், ஜூலை, ஆகஸ்ட், பிப்ரவரி என்று கூட்டமில்லாத நேரத்தில் கிளம்ப முடியும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள் இதில் வருவார்கள்.
• மெம்பர்ஷிப்பில் இன்னும் 10 வருடத்துக்கு மேல் பாக்கி.
• பணம் கையில் இருக்கிறது. கிரெடிட் கார்டு இஎம்ஐயோ நகைக் கடனோ வேண்டியதில்லை.

கடைசிப் புள்ளி முக்கியம். நகையை அடகு வைத்து, அல்லது 14, 15 சதவிகித வட்டியில் பெர்சனல் லோன் எடுத்து அப்கிரேட் செய்தால், மேலே பார்த்த 9,500 என்ற கோடு இன்னும் மேலே போய்விடும். அவ்வளவு வாடகைக்கு நீங்கள் எந்த ஊரிலும் தாராளமாக ரூம் எடுக்கலாம்.

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு மாத லீவில் ஊருக்கு வந்தால், வீட்டு வேலை, கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்றே பாதி நாள் போய்விடும். மிச்சமிருக்கும் நாள்களில் புதுக்கோட்டையிலிருந்து கொடைக்கானலுக்கு கார் பயணமே போக ஐந்து மணி நேரம், வர ஐந்து மணி நேரம். போன மூன்று லீவில் எத்தனை இரவு ரிசார்ட்டில் தங்கினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த 15 வருடங்களும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

“இது ஒரு இன்வெஸ்ட்மென்ட் சார்!”

இந்த வார்த்தை காதில் விழுந்தால் உஷாராகுங்கள். விடுமுறை மெம்பர்ஷிப் செலவுக் கணக்கில் வரும். டிவி வாங்குவது போலத்தான். மறுவிற்பனைக்கு இங்கே சரியான சந்தை இல்லை. வேறொருவர் பெயருக்கு மாற்றவும் நிறுவனத்தின் ஒப்புதலும் கட்டணமும் வேண்டும்.

‘தங்காவிட்டால் பணத்தை வட்டியோடு திருப்பித் தருவோம்’ என்று சொல்லி வசூலித்த நிறுவனங்களின் கதையும் இந்தியாவில் உண்டு. மும்பையைச் சேர்ந்த பான்கார்டு கிளப்ஸ், ஹோட்டல் அறை இரவுகள் என்ற பெயரில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் சுமார் 7,000 கோடி ரூபாய் திரட்டியது. இது அனுமதி பெறாத கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று கூறி 2014-ல் புதிதாக வசூலிக்கத் தடை விதித்த செபி, 2016-ல் பணத்தைத் திருப்பித் தர உத்தரவிட்டது. தங்கும் உரிமையை மட்டும் விற்கும் கிளப்புகள் வேறு, இது வேறு. ஆனால் ‘வருமானம்’, ‘திரும்பக் கிடைக்கும்’ என்று பேச்சு மாறினால், அங்கேயே எழுந்து வந்துவிடுவது நல்லது.

நிறுவனங்கள் கைமாறுவதும் நடக்கும். ஸ்டெர்லிங்கையே 2014-ல் தாமஸ் குக் இந்தியா குழுமம் வாங்கியது. 15, 25 வருட ஒப்பந்தத்தில் எதிர்த் தரப்பு யாராக இருக்கும் என்பதை இன்றே சொல்ல முடியாது.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

• இது பழைய ஒப்பந்தத்தின் தொடர்ச்சியா, புது ஒப்பந்தமா? புதிது என்றால் பழைய சலுகைகளும் காலமும் என்ன ஆகும்?
• ஆண்டு சந்தா கடந்த ஐந்து வருடங்களில் எவ்வளவு ஏறியது? அதிகபட்ச உயர்வுக்கு வரம்பு இருக்கிறதா?
• பயன்படுத்தாத பாயின்ட்ஸை எத்தனை வருடம் சேர்த்து வைக்கலாம்?
• ஓர் இரவுக்கு இத்தனை பாயின்ட்ஸ் என்ற பட்டியலை நிறுவனம் பிற்பாடு மாற்ற முடியுமா? இதுதான் பாயின்ட்ஸ் முறையின் பெரிய ஓட்டை. இன்று 50 கழியும் அறைக்கு நாளை 70 என்று ஆக்கினால், உங்கள் அப்கிரேட் கரைந்துவிடும்.
• மனசு மாறினால் எத்தனை நாளுக்குள் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும்?

கடைசிக் கேள்விக்கு ஒப்பந்தத்தில் ‘கூலிங் ஆஃப்’ என்ற பகுதியைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008-ம் ஆண்டின் விதிப்படி 14 நாள்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம்; அந்தக் காலத்தில் முன்பணம் வாங்கவே கூடாது. இந்தியாவில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லை. அதனால் பேப்பரில் எழுதியிருப்பதுதான் உங்கள் பாதுகாப்பு. வாயால் சொன்ன எல்லா வாக்குறுதியையும் இமெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் பதில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு சிக்கலில் இருந்தால்?

முதலில் கூலிங் ஆஃப் நாள்கள் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இன்றே இமெயில், நாளையே பதிவுத் தபால்.

நாள் கடந்துவிட்டது, ஆனால் சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். அதிலும் தீரவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். புதுக்கோட்டையில் வசிப்பவர் புதுக்கோட்டை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையே அணுகலாம். மும்பைக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் கட்டிய தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணமே கிடையாது. இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் பதியலாம். பிரச்னை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடங்களுக்குள் பதிய வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

‘தகராறு வந்தால் ஆர்பிட்ரேஷன் மட்டுமே’ என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். அப்படி ஒரு வரி இருப்பதாலேயே நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் உரிமை போய்விடாது என்று எமார் எம்ஜிஎஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாக்கிவிட்டது.

அப்போ என்ன பண்றது?

உடனே முடிவெடுக்கச் சொன்னால், “ஒரு வாரம் கழிச்சு சொல்றேன்” என்பது மட்டும் போதும். அந்த ஒரு வாரத்தில் மூன்று வேலைகள்: கடந்த மூன்று வருடங்களில் எத்தனை பாயின்ட்ஸ் வீணானது என்று பாருங்கள், ஆப்பில் அந்த ஒன்பது தேடலைச் செய்யுங்கள், உங்கள் கோடு எவ்வளவு என்று கணக்கிடுங்கள்.

பாயின்ட்ஸ் வீணாகிக்கொண்டிருக்கிறது என்றால் கதை அங்கேயே முடிந்தது. இருப்பதை முழுசாகப் பயன்படுத்தும் வழியைப் பாருங்கள். தினமும் தீர்ந்துபோகிற டேட்டா பேக்கைத்தான் யாரும் பெரிதாக்குவார்கள், மிச்சமாகிற பேக்கை அல்ல. இன்னும் சில இரவுகள்தான் தேவை என்றால், அந்த வருடத்துக்கு மட்டும் காசு கொடுத்து ரூம் போடுவது பெரும்பாலும் மலிவாக முடியும். திருமயம் அருகே கடியாபட்டியில் இருக்கும் சிதம்பர விலாஸ் அரண்மனை ஹோட்டலுக்கு வந்து தங்குகிற வெளியூர்க்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஓர் இரவுக்கு எவ்வளவோ அதைக் கொடுத்துவிட்டு, மறுநாள் கிளம்பிவிடுவார்கள். அடுத்த வருட சந்தா என்று ஒன்று அவர்களுக்கு இல்லை.